மாமனாருக்கு ஒரு வைஃபை கார்டு

மாமனார் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்பது கண்ணில் பட்டபோது மருமகளுக்கு முதலில் நல்லதாகத்தான் தோன்றியது. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகுதான் மெல்ல உறுத்த ஆரம்பித்தது.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளைச் சோதித்தவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தட்டைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்களாம். எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை என்று மாமியார் உயிரோடு இருந்தவரை பெருமையும் சலிப்புமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். மாமியார் போன பிறகு அவருக்குத் துணை என்று இருந்தது செஸ் ஒன்றுதான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வெயில் தாழும் வரை எங்கோ இருக்கும் யாரோடோ ஆடிக்கொண்டிருப்பார். ஜெயித்தால் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். தோற்றால் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வருவார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

அப்படிப்பட்டவர் இப்போது சாப்பிட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவும் இல்லை. சாப்பாடும் பாதியாகிவிட்டது. கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பினார். ஒரு நாள் தட்டைப் பார்த்தபடியே, "ஓடிட்டேன்னுதான் நெனைச்சிருப்பாங்க" என்று தனக்குத்தானே சொன்னது கணவனின் காதில் விழுந்தது.

கணவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடியுமுன் அடுப்படிக்குப் போய் மதியம் திரும்புகிறவன் என்பதால் அப்பாவோடு பகலில் இருப்பது அவன்தான். அன்று அவன் மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்றான். அந்தப் பெரியப்பா கடைசியில் பெற்ற மகனையே யார் என்று கேட்டவர். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு பேருமாகப் பேசி, டாக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவு செய்து, அடுத்த வாரத்துக்கு நேரமும் வாங்கினார்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வழக்கமான பரிசோதனை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

மருமகளுக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்து மெழுகில் ஈறு வார்த்து, பல்லைப் பல்லாக அடுக்கி, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அந்த வாரம் ஒரு நாள் அங்கே அடுப்பு கெட்டுப்போனதால் எல்லாரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது கணவன் தங்கள் பெண் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு ஹாலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மாமனார் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் பாதி ஆடிய செஸ் கட்டம். அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளைப் பார்த்ததும், தப்பு செய்தவர்போல் அவசரமாகத் திரையை அணைத்தார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மாமா, உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லிடுங்க. நாங்க ரெண்டு பேரும் பயந்து போயிருக்கோம்" என்றாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எதுக்கு ஆட்டத்தையே விட்டுட்டீங்க?"

 அவர் திரையை மறுபடி போட்டு, தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சிவப்பு முத்திரையைக் காட்டினார். அதில், பாதியில் விலகுபவர் என்று எழுதியிருந்தது.

"நான் ஓடலம்மா. அதுவா நின்னுடுது" என்றார்.

விஷயம் அப்படியே கொட்டியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடுகிறது. திரும்பி வருவதற்குள் நேரம் தீர்ந்து ஆட்டம் போய்விடுகிறது. எதிரில் ஆடுகிறவருக்கு என்ன தெரியும்? தோற்கிற சமயம் பார்த்து நழுவிவிட்டான் என்றுதான் நினைப்பார். அவருக்கு அங்கே வழக்கமாக ஆடும் ஒருவர் உண்டு. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றெல்லாம் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூக்குக்கண்ணாடி ஒன்றுதான் இருக்கும். அதனால் அந்த ஆளுக்கு மாமனார் வைத்த பெயரும் மூக்குக்கண்ணாடிதான். அடுத்தடுத்துப் பல ஆட்டங்கள் அப்படி அறுந்ததும், தோற்கத் தெரியாதவர்கள் ஆட வரக்கூடாது என்று மூக்குக்கண்ணாடி எழுதிவிட்டது. இவர் பதில் எழுத உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி முடிப்பதற்குள் மறுபடி இணைப்பு போய்விட்டது. மறுநாளும் அதே கதை. பிறகு சிவப்பு முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்தவர்களை மற்றவர்களோடு ஆட விடமாட்டார்களாம். பாதியில் ஓடுகிறவர்கள் எல்லாரையும் ஒரே கும்பலாகச் சேர்த்து, தங்களுக்குள் ஆடிக்கொள்ளச் சொல்லிவிடுவார்களாம்.

"இத்தனை வயசுக்கப்புறம் ஓடுகாலிக் கூட்டத்துல சேத்துட்டாங்க" என்றார் மாமனார்.

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எழுந்து போய்க் கணவனை உலுக்கி எழுப்பினாள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, வைஃபைதான் கோளாறு என்று அவள் சொன்னதை அவன் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை கேட்டான். புரிந்ததும் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனான். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சோப்பு பட்டுவிட்டது என்றான்.

கோளாறுக்குக் காரணம் பார்க்கப்போனால் குழந்தைதான். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஹாலில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வயரோடு இருந்தது. ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தை தவழ ஆரம்பித்ததும் அதன் கண் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த நீல வயர்மேல்தான் விழுந்தது. பிடித்து இழுப்பாள், வாயில் வைத்துக் கடிப்பாள், பிடுங்கினால் ஊரைக் கூட்டுவாள். அதனால் கம்ப்யூட்டரைப் பின்னறைக்கு மாற்றினார்கள். வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். தரையோடு வயரை இழுத்தால் மறுபடி குழந்தையின் வாய்க்குத்தான் போகும். அதனால் கணவன் எங்கிருந்தோ ஒரு சுண்டுவிரல் நகம் அளவு வைஃபை குச்சியை வாங்கிவந்து பெட்டியின் பின்னால் செருகியிருந்தான். அதுதான் நினைத்தால் பிடிக்கும், நினைத்தால் விடும்.

நல்லதாக ஒரு வைஃபை கார்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று மருமகள் மறுநாள் வேலை முடிந்து கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். அதற்கு முன்பே மதிய இடைவேளையில் போனில் நிறையப் படித்திருந்தாள். படிக்கப் படிக்கத் தலைதான் சுற்றியது. ஒருவர் தெய்வம் என்று கொண்டாடிய கார்டை அடுத்தவர் குப்பையில் போட்டேன் என்று எழுதியிருந்தார். கடையில் கூந்தலைச் சுருட்டி அதில் பென்சிலைச் செருகியிருந்த ஒரு பெண் இருந்தாள். அவள் எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்டாள். டெஸ்க்டாப் பெட்டி அகலமா, ஒல்லியா? உள்ளே கார்டு செருகக் காலி ஸ்லாட் இருக்கிறதா? விண்டோஸ் பழசா, புதுசா? வேறு பாடத்துக்குப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்தவள்போல் மருமகள் விழித்தாள். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

"திறந்து பாத்துட்டு வாங்க. இப்ப ஏதாவது ஒண்ண நான் உங்க தலையில கட்டிடலாம். நாளைக்கே திரும்ப வந்து நிப்பீங்க" என்றாள் பென்சில்காரி.

அன்று மாலை பின்னறையில் அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு நடந்தது. மருமகள் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை மேசைமேல் படுக்க வைத்தாள். கணவன் ஒரு கையில் குழந்தை, மறு கையில் டார்ச் என்று நின்றான். உயிரோடு இருப்பதை எதற்கு அறுக்கிறாய் என்று ஒரு தடவைக்கு மேல் கேட்டான். அவனுக்கு மாவு பிசையும் இயந்திரத்தைத் தவிர எந்த இயந்திரத்தின் மேலும் நம்பிக்கை கிடையாது. மூடியைக் கழற்றியதும் பஞ்சு பஞ்சாகத் தூசி பறந்து எல்லாரும் தும்மினார்கள். மாமனார் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

தூசியைத் துடைத்துப் பார்த்தபோது நீள ஸ்லாட் ஒன்றும் அதை ஒட்டிக் குட்டையாக ஒன்றும் தெரிந்தன. இரண்டும் காலி. ஆனால் பெட்டி ஒல்லி. கார்டின் ஓரத்தில் இருக்கும் தகரப் பட்டை வந்து உட்கார வேண்டிய பின்பக்கத் திறப்பு, போனில் பார்த்த படங்களில் இருந்ததில் பாதி உயரம்தான் இருந்தது. சாதாரணக் கார்டை வாங்கியிருந்தால் மூடியே மூடியிருக்காது. அவள் பையிலிருந்து பல் அளக்கும் அளவுகோலை எடுத்து அளந்தாள், படம் எடுத்துக்கொண்டாள், விண்டோஸ் எது என்பதை மாமனாரிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பழசு. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த சீட்டையும் படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதையெல்லாம் பார்த்த பென்சில்காரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாவது புத்தம் புதிசு. ஏதோ பூச்சியின் மீசைபோல ஆண்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்கவே வேகமாக இருந்தது. மருமகளின் கை தானாக அதன் பக்கம் போயிற்று. ஆனால் அது புதிய விண்டோஸில்தான் ஓடும், இந்தப் பழைய பெட்டியில் வாயைத் திறக்காது என்று பென்சில்காரி அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள். இரண்டாவது, பெட்டியைத் திறக்காமலே செருகிக்கொள்ளும் ரகம்.

"இது உங்ககிட்ட இருக்கற குச்சியோட அண்ணன். தம்பிய விடக் கொஞ்சம் தேவலாம். ஆனா தினமும் மணிக்கணக்கா ஆடறாருன்னா உள்ள உக்கார்ற கார்டுதான் நல்லது" என்றாள்.

மூன்றாவது, சந்தைக்கு வந்து சில வருஷமான கார்டு. இரண்டு ஆண்டெனாக்கள் கார்டோடு ஒட்டிக்கொண்டிருக்காமல் மூன்று முழ வயரின் முனையில், அடியில் காந்தம் வைத்த ஒரு சின்னப் பீடத்தில் நின்றன. குட்டைப் பட்டை ஒன்றும் பாக்கெட்டுக்குள் தனியாகப் போட்டிருந்தார்கள். மருமகளுக்கு அப்போதும் மனம் முதலாவதன்மேல்தான் இருந்தது. குறைந்த வேகத்தை வாங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்தால் என்ன செய்வது? அதைச் சொன்னாள்.

"உங்க ரவுட்டரே இத விடப் பழசுங்க. அது எவ்வளவு கொடுக்குதோ அவ்வளவையும் இது வாங்கிக்கும். அதுக்கு மேல கொடுக்கறது அட்டைப்பெட்டி அழகுக்குக் கொடுக்கறது. செஸ்ஸுக்கு வேகம் வேணாம், விடாம இருக்கணும். அவ்வளவுதான்."

பொருந்தாவிட்டால் பிரித்த பெட்டியோடு கொண்டுவந்தாலும் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் மருமகளுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மூன்றாவதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

பட்டையை மாற்றுவது அவளுக்குக் கைவந்த வேலையாக இருந்தது. கடுகுபோன்ற இரண்டு ஸ்க்ரூக்கள். கூடத்தில் அவள் புழங்குவது அதைவிடச் சின்னது. கார்டைக் குட்டை ஸ்லாட்டின்மேல் நேராக வைத்து இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினாள். நல்ல பல் செட் ஈறில் உட்காருவதுபோல் அது பதிந்து உட்கார்ந்தது. மூடியைப் போட்டு, வயரைச் செருகி, பொத்தானை அமுக்கினாள்.

பெட்டி பீப், பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

 அவள் மறுபடி அணைத்துப் போட்டாள். அதே கத்தல். கணவன், சொன்னேனே என்று சொல்ல வாயெடுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மாமனார் வாசற்படியில் நின்றபடியே மெதுவாகச் சொன்னார்.

"போனாப் போகுதும்மா. எனக்குத்தான் அது இல்லாம பழகிடுச்சே."

திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை. அவருடைய ஒரே துணையையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனாலும் மூடியைத் திரும்பக் கழற்றினாள். கார்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் கத்தியது. அப்படியென்றால் கோளாறு கார்டில் இல்லை. டார்ச்சைக் கணவன் கையிலிருந்து வாங்கி, வாய்க்குள் பார்ப்பதுபோல் மூலை மூலையாகப் பார்த்தாள். கார்டு போட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மெமரி பலகை ஒன்றின் முனையில் இருந்த கொக்கி திறந்து கிடந்தது. பலகையும் அந்தப் பக்கம் ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. கார்டை அழுத்தும்போது முழங்கை பட்டிருக்கிறது. வயரைப் பிடுங்கிவிட்டு அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று கொக்கி தானே மூடிக்கொண்டது. கார்டையும் திரும்பப் போட்டாள்.

இந்தத் தடவை பொத்தானை அமுக்கும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை. கணவனின் முகத்தைத்தான் பார்த்தாள். அதில் வெளிச்சம் விழுந்தது.

"வந்துடுச்சு" என்றான் அவன். அந்தக் குரலைக் கேட்டுக் குழந்தை காரணம் தெரியாமல் சிரித்தது. மாமனார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நின்று நின்று அவருக்குக் கால் வலித்திருக்க வேண்டும்.

ஆனால் கார்டு வேலை செய்ய அதற்கான டிரைவர் மென்பொருளைப் போட வேண்டும். அது பெட்டியோடு வந்த ஒரு வட்டில் இருந்தது. வட்டைப் போட அந்த ஒல்லிப் பெட்டியில் இடமே இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று காகிதத்தில் போட்டிருந்தது. இணையம் வருவதற்கு வாங்கிய கார்டை ஓட்ட இணையம் வேண்டும் என்பதைக் கேட்ட கணவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பழைய குச்சியையே திரும்பச் செருகிப் பார்த்தார்கள். வழக்கம்போல் பாதியில் கைவிட்டது. கடைசியில் மருமகள் கடைக்குப் போன் போட்டாள். போனைக் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, போனின் இணையத்தையே அதற்குக் கொடுத்து இறக்குங்கள் என்று பென்சில்காரி சொல்லித் தந்தாள். அது வேலைக்கு ஆயிற்று.

திரையின் ஓரத்தில் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் தன்னுடையதற்கு, உன் வேலையைப் பார் என்றே பெயர் வைத்திருந்தார். நடுவில் அவர்கள் வீட்டு ரவுட்டர் இரண்டு பெயரில் தெரிந்தது. ஒன்று வேகமானது, ஆனால் இரண்டு சுவரைத் தாண்டி வருவதற்குள் மூச்சு வாங்கியது. மற்றது மெதுவானது, ஆனால் சுவரைச் சட்டை செய்யவில்லை. மெதுவானதே போதும் என்று அதில் இணைத்தாள். அதற்கும் சிக்னல் ஒற்றைக் கோடுதான் காட்டியது. ஆண்டெனா பீடம் பெட்டிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தது. இத்தனை நாளும் அந்தக் குச்சியும் அந்த இடுக்கில்தான் மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நாற்காலிமேல் ஏறி, வயர் எட்டுகிற அளவுக்கு இழுத்துப் பீடத்தை பீரோவின் தலையில் வைத்தாள். காந்தம் பச்சென்று கவ்விக்கொண்டது. கோடுகள் நிரம்பின.

"உக்காருங்க மாமா. ஆடிப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். ஆனால் ஆடவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு எழுத வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன் என்றார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, பாத்திரத்தையும் கழுவிவிட்டு வந்தபோதும் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடவில்லை, எங்கள் வீட்டில் இணைப்பு சரியில்லை, தோற்ற ஆட்டங்களைத் தோற்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை, ஓடினேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம் என்று இருந்தது. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். போய்ச் சேர்ந்தது.

அன்றே கணவன் டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, வாங்கிய நேரம் வேண்டாம் என்று சொன்னான். எதற்கு வேண்டாம் என்று கேட்டவர்களிடம், எங்கப்பா நல்லா இருக்காருங்க என்று தேவைக்கு அதிகமாகவே இரண்டு மூன்று தடவை சொன்னான்.

மூக்குக்கண்ணாடியிடமிருந்து பதில் வரவில்லை.  சில ஆட்டங்களை முழுசாக ஆடிக் காட்டினால் முத்திரை போய்விடும் என்று இருந்ததால் மாமனார் தினமும் மதியம் உட்கார்ந்து ஓடுகாலிக் கூட்டத்தோடே ஆடினார். அதுவும் லேசுப்பட்டதாக இல்லை. இவர் ஒரு குதிரையை வெட்டினால் போதும், எதிரில் இருந்தவர் காணாமல் போய்விடுவார். நல்லவேளையாக, எதிராளி ஓடினால் அது இவர் முடித்த ஆட்டமாகத்தான் கணக்கில் ஏறியது. இவனுக்கு நிஜமாவே நெட் போச்சோ என்னவோ, பாவம் என்று ஒவ்வொருவனுக்காகவும் பரிந்து பேசினார். ஒரு நாள் மதியம் பார்த்தால் அவர் பெயருக்குப் பக்கம் சுத்தமாக இருந்தது. சிவப்பு முத்திரை இருந்த இடமே தெரியவில்லை. அன்று தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டார்.

பதில் ஒரு விடுமுறை நாளில் வந்தது. அவர் கூப்பிடுகிற குரலில் என்னவோ ஏதோ என்று எல்லாரும் ஓடினார்கள். மூக்குக்கண்ணாடி எழுதியிருந்தது: ஒரு மாதமாக வெளியூரில் இருந்தேன், இன்றுதான் பார்த்தேன். கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்டேன், மன்னிக்கவும். ஊருக்குப் போவதற்கு முன்பே நீங்கள் இல்லாமல் வேறு யாரோடு ஆடினாலும் ருசிக்கவில்லை. இப்போது ஆடலாமா?

அந்த ஆட்டம் நடந்த நேரம் வீட்டில் எறும்பு ஊர்ந்தாலும் கேட்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் மெதுவான அலைவரிசை தடுமாறும் என்று எங்கோ படித்திருந்த மருமகள், பால் சூடு பண்ணப் போன கணவனைக் கண்ணாலேயே தடுத்து கேஸ் அடுப்பில் வைக்கச் சொன்னாள். போனையெல்லாம் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்று, கட்டத்தைப் பார்க்காமல் மூலையில் இருந்த அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செஸ் தெரியாது. ஆனால் மாமனாரின் காய்கள் ஒவ்வொன்றாகப் பலகையை விட்டுப் போவது தெரிந்தது. ஒரு யானை போனது. ராணியும் போனது. கோடுகள் மட்டும் அசையவில்லை.

"அப்பா, தோக்கறீங்களா?" என்று கணவன் ரகசியமாகக் கேட்டான்.

"ஆமாடா. நல்லாத் தோக்கறேன்" என்றார் அவர். முகம் பூரித்திருந்தது.

இடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு முடித்துவிட அதில் ஒரு பொத்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக் கடைசி நகர்வு வரை ஆடினார். ராஜாவுக்குப் போக ஒரு கட்டம்கூட மிச்சமில்லாமல் போனதும் திரையில், ஆட்டம் முடிந்தது என்று வந்தது. அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மருமகள் அப்போதுதான் தன் கை நாற்காலி முதுகை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்தாள். விரலைப் பிரித்து உதறிக்கொண்டாள்.

அன்று மாலை அவள் குழந்தையின் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமனார் சமையலறைக்கு வந்தார். அவராக வந்து உட்கார்ந்து பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் கோட்டை விட்டார், மூக்குக்கண்ணாடி எப்படித் தூண்டில் போட்டது, யானையை அங்கே வைக்காமல் இங்கே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆரம்பித்தார். சர்க்கரை டப்பாவை ராஜாவாகவும் டீ வடிகட்டியைக் குதிரையாகவும் வைத்துக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ம் கொட்டிக்கொண்டே புட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் கழுவி முடிந்த பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார். கழுவிய புட்டி ஒன்றை எடுத்து இன்னொரு தடவை கழுவ ஆரம்பித்தாள்.